மயிற்பொறி முதல் விண்கப்பல் வரை: கற்பனை ஊர்திகளைக் கொண்டு ஓர் அறிவியல் பாடம்

எட்டாம் வகுப்பு அறிவியலில் விண்வெளி குறித்த பாடத்தை விரைவாக முடித்துவிடலாம். ராக்கெட்டின் படத்தை வரையச் சொல்லி, பாகங்களைக் குறிக்கச் சொல்லி, சந்திரயான், மங்கள்யான் ஏவப்பட்ட ஆண்டுகளை மனப்பாடம் செய்யச் சொன்னால் மாணவர்கள் தேர்வில் எழுதிவிடுவார்கள். ஆனால் “இந்தப் பாகம் ஏன் இங்கே இருக்கிறது? இதை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?” என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். படத்தைக் கற்ற பிள்ளைகள் வடிவமைப்பைக் கற்கவில்லை என்பது அப்போது தெரியும்.

கடையநல்லூரில் ஓர் அரசுப் பள்ளியில் எட்டு முதல் பத்து வகுப்பு வரை அறிவியல் கற்பிக்கிறேன். இரண்டு ஆண்டுகளாக இந்தப் பாடத்தை ராக்கெட்டில் தொடங்குவதில்லை. கதைகளிலும் காப்பியங்களிலும் திரைப்படங்களிலும் வரும் ஊர்திகளில் தொடங்குகிறேன். உண்மையான ராக்கெட்டைக் குறை சொல்ல மாணவர்கள் தயங்குகிறார்கள். பெரிய விஞ்ஞானிகள் செய்தது, அதில் நாம் என்ன சொல்ல என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். கற்பனை ஊர்தியிடம் அந்தத் தயக்கம் இல்லை. “இது எப்படி டீச்சர் பறக்கும்?” என்று துணிந்து கேட்கிறார்கள். அந்தக் கேள்விதான் பாடத்தின் நுழைவாயில்.

ஐந்து கேள்விகள்

எந்த ஊர்தியை எடுத்துக்கொண்டாலும் ஒரே ஐந்து கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பது எங்கள் வகுப்பின் விதி. கரும்பலகையின் ஓரத்தில் இவை பாடம் முடியும்வரை அழிக்கப்படாமல் இருக்கும்.

1. இது எதற்காக, யாருக்காகச் செய்யப்பட்டது?
2. எந்தப் பொருளால் ஆனது? எடை எவ்வளவு இருக்கும்?
3. இதைத் தள்ளும் விசை எங்கிருந்து வருகிறது?
4. இயக்குபவர் யார்? எப்படி இயக்குகிறார்?
5. எப்படித் தரையிறங்கும்?

எடை குறித்த கேள்வியை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதே இல்லை. வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் தந்தையரும் அண்ணன்மாரும் பல வீடுகளில் உண்டு. ஊருக்கு வந்து திரும்பும்போது பெட்டியைத் தராசில் தூக்கி நிறுத்தி, எடை கூடினால் ஊறுகாய்ப் பாட்டிலை வெளியே எடுத்து, மறுபடி நிறுத்துவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இவர்கள். பறக்கும் எதிலும் ஒவ்வொரு கிலோவுக்கும் விலை உண்டு என்பது அவர்களின் வீட்டு அனுபவம்.

முதல் ஊர்தி: சீவக சிந்தாமணியின் மயிற்பொறி

ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் சீவக சிந்தாமணியின் நாட்டுவளப் பாடல்கள் வருகின்றன. அதே காப்பியத்தின் தொடக்கப் பகுதியில் ஒரு பறக்கும் ஊர்தி இருப்பதைச் சொன்னால் மாணவர்கள் நிமிர்ந்து உட்கார்கிறார்கள். தமிழாசிரியரின் துணையுடன் இந்தக் கதையைச் சொல்வது நல்லது.

சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் திருத்தக்கதேவர் இயற்றிய காப்பியம் இது. ஏமாங்கத நாட்டு மன்னன் சச்சந்தன், அமைச்சன் கட்டியங்காரனிடம் ஆட்சியை ஒப்படைத்துவிடுகிறான். ஆபத்து வரப்போவதை உணர்ந்தபோது, கருவுற்றிருக்கும் அரசி விசயை தப்பிச் செல்ல ஒரு மயில் வடிவ ஊர்தியைச் செய்விக்கிறான். துணிக்கிழி, பிசின், நூல், அரக்கு, மெழுகு முதலிய பொருள்களைக் கொண்டு தச்சன் அதை ஏழு நாளில் செய்து முடிக்கிறான். பொறியை வலப்பக்கம் திருகினால் மேகத்தைக் கிழித்துக்கொண்டு மேலே பறக்கும். இடப்பக்கம் திருகினால் கால்களை மடக்கித் தரையில் வந்து அமரும். விசயை அதை ஓட்டிப் பழகுகிறாள். கட்டியங்காரன் அரண்மனையைச் சூழ்ந்த நாளில் அதிலேறித் தப்புகிறாள். பகைவனின் வெற்றி முரசு காதில் விழ, அவள் மயங்குகிறாள். மயிற்பொறி சுடுகாட்டில் இறங்குகிறது. அங்கேதான் சீவகன் பிறக்கிறான்.

இப்போது ஐந்து கேள்விகளையும் கேட்போம். எதற்காக? போருக்காக அன்று, தாயையும் குழந்தையையும் காப்பாற்ற. பொருள்? இரும்பும் கல்லும் இல்லை. எல்லாம் எடை குறைந்தவை. கவிஞர் தேர்ந்த பொருள்களைக் கவனியுங்கள்: இழுவிசையைத் தாங்கும் நூல், பரப்பைத் தரும் துணி, ஒட்டும் பிசின், நீர் புகாமல் தடுக்கும் மெழுகும் அரக்கும். யார் இயக்குகிறார்? அரசன் இல்லை, அரசி. இதை நான் சொல்லவில்லை. வகுப்பில் ஒரு மாணவிதான் முதலில் கவனித்தாள். “ஓட்டுறது விசயைதானே டீச்சர், பழகிட்டுத்தானே ஓட்டுதா!” என்றாள். பயிற்சி பெற்று ஊர்தியை இயக்கும் ஒரு பெண் நம் காப்பியத்தில் இருக்கிறாள் என்பதை அன்றிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் சொல்கிறேன்.

தரையிறங்குதல்? அதற்கெனத் தனியாக ஒரு திருகு இருக்கிறது. மாணவர்களைப் பறக்கும் ஊர்தி ஒன்றை வரையச் சொன்னால் பெரும்பாலோர் இறக்கை வரைவார்கள், நெருப்பு வரைவார்கள். இறங்குவதற்கு எதையும் வரைய மாட்டார்கள். திருத்தக்கதேவர் அதை மறக்கவில்லை.

விடை கிடைக்காத கேள்வி மூன்றாவது. தள்ளும் விசை எங்கிருந்து வருகிறது? காப்பியத்தில் பதில் இல்லை. “பதில் இல்லை” என்று எழுதுவதும் ஒரு விடைதான் என்று மாணவர்களுக்குச் சொல்லுங்கள். பின்னால் இந்தக் குறிப்பு மிகவும் பயன்படும்.

இரண்டாம் ஊர்தி: புஷ்பக விமானம்

குபேரனுக்கு உரியதாயிருந்து, இராவணன் கைப்பற்றி, கடைசியில் இராமன் அயோத்திக்குத் திரும்பப் பயன்படுத்திய புஷ்பக விமானத்தை எல்லாப் பிள்ளைகளும் அறிவார்கள். எத்தனை பேர் ஏறினாலும் இன்னும் ஒருவருக்கு இடமிருக்கும் என்பது அதன் சிறப்பு. இங்கே இரண்டாம் கேள்வியைக் கேளுங்கள். ஆள்கள் ஏற ஏற நிறை கூடும். நிறை கூடினால் அதே முடுக்கத்தைப் பெற விசையும் கூட வேண்டும். பத்தாம் வகுப்பின் இயக்க விதிகள் இங்கே இயல்பாக வந்துவிடும். ஒரு பலூனை உறிஞ்சுகுழலில் ஒட்டி, நூலில் ஓடவிட்டு, அதன்மேல் ஒவ்வொன்றாகக் காகிதப்பிடிப்பான்களை மாட்டிக் காட்டினால் போதும். நான்காவது, ஐந்தாவது பிடிப்பானில் பலூனின் வேகம் குறைவது கண்ணுக்கே தெரியும்.

தமிழ்த் திரையுலகும் இந்தக் கற்பனையில் பின்தங்கவில்லை. எம்.ஜி.ஆர்., பானுமதி நடித்த ‘கலை அரசி’ 1963இல் வெளிவந்தது. வேற்றுக்கோளிலிருந்து வருபவர்கள் இசை கற்பதற்காகப் பூமிப் பெண்ணைக் கொண்டுசெல்லும் கதை. அதே ஆண்டு நவம்பர் 21 அன்றுதான் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து இந்திய மண்ணின் முதல் ஆய்வு ராக்கெட் புறப்பட்டது. செங்கோட்டை, ஆரியங்காவு வழியாக மலையைத் தாண்டினால் எட்டிவிடும் ஊர் என்பதால், வரைபடத்தில் தும்பாவைத் தொட்டுக் காட்டினால் எங்கள் பிள்ளைகளுக்கு அது அயலூராகத் தெரிவதில்லை.

மூன்றாம் ஊர்தி: எண்டர்பிரைஸ்

பல மாணவர்கள் கேள்விப்படாத ஊர்தி இது. ஹைடெக் ஆய்வகத்தின் திரையில் படத்தைக் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். 1966 செப்டம்பர் 8 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் விண்கப்பல் எண்டர்பிரைஸ். முன்னால் தட்டுப் போன்ற பகுதி, அதற்குக் கீழே ஓர் உருளை, அதிலிருந்து இரண்டு தண்டுகள், தண்டுகளின் முனையில் நீண்ட இரு இயந்திரங்கள். இதை வடிவமைத்த மாட் ஜெஃப்ரிஸ் விமானங்களை நன்கு அறிந்தவர். அவர் எடுத்த முடிவுகளுக்குக் காரணம் இருந்தது.

இயந்திரங்கள் ஏன் தள்ளி இருக்கின்றன? அவ்வளவு ஆற்றல் உள்ள இயந்திரம் ஆபத்தானது. பயணிகளிடமிருந்து விலகியே இருக்க வேண்டும். வெளிப்புறம் ஏன் வழவழப்பாக இருக்கிறது? பழுதுபார்க்க வேண்டியவை உள்ளே இருந்தால் யாரும் வெற்றிடத்துக்குள் போக வேண்டியதில்லை. இறக்கை ஏன் இல்லை? எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இதற்குக் காற்றாலையைக் கொண்டு விடை சொன்னார்கள். காற்று வீசினால்தான் காற்றாலையின் இறக்கை சுழலும். காற்றே இல்லாத இடத்தில் இறக்கைக்கு வேலை என்ன?

ஐந்தாம் கேள்விக்கு இந்தக் கப்பலின் விடை சுவையானது. அது இறங்குவதே இல்லை. ஒவ்வொரு வாரமும் பெரிய கப்பல் ஒரு கோளில் இறங்குவதைப் படமாக்கப் பணம் போதவில்லை. எனவே ஆள்களை ஒளிக்கீற்றாக மாற்றிக் கீழே அனுப்பும் கருவியைக் கதையில் புகுத்தினார்கள். படப்பிடிப்புக்கான மாதிரிக் கப்பல் ஏறத்தாழ 3.4 மீட்டர் நீளம். விளக்குகளுக்கான கம்பிகள் இடப்பக்கம் வழியாகச் சென்றதால் வலப்பக்கத்தை மட்டுமே படமெடுத்தார்கள். பணமும் கம்பியும்கூட வடிவமைப்பைத் தீர்மானிக்கும் என்பது மாணவர்கள் அறிய வேண்டிய உண்மை.

நான்காம் ஊர்தி: டிஸ்கவரி

1968இல் வெளிவந்த ‘2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி’ திரைப்படத்தின் கப்பல் இது. கதையை இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்குடன் சேர்ந்து உருவாக்கியவர் ஆர்தர் சி. கிளார்க், 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தவர். பயணிகள் இருக்கும் கோளம் ஒரு முனையிலும் இயந்திரம் மறுமுனையிலும், நடுவில் நீண்ட தண்டும் கொண்ட கப்பல். கோளத்துக்குள் ஒரு பெரிய உருளை சுழன்றுகொண்டே இருக்கும். அதன் உட்சுவரில் வீரர்கள் நடப்பார்கள்.

ஒன்பதாம் வகுப்பின் வட்ட இயக்கத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. முதலில் கால்வாசி நீர் நிரப்பிய வாளியை மைதானத்தில் சுழற்றிக் காட்டுங்கள். பிறகு கணக்கு. படப்பிடிப்பு அரங்கின் விட்டம் ஏறத்தாழ 12 மீட்டர். எனவே ஆரம் 6 மீட்டர். ஒரு சுற்றுக்கு 12 நொடி என்று கொள்வோம். மையநோக்கு முடுக்கம் = 4 × π² × ஆரம் ÷ (சுற்றுக்காலம்)². அதாவது 237 ÷ 144, ஏறத்தாழ 1.6 மீ/நொடி². இது நிலவின் ஈர்ப்பு முடுக்கம்! பூமியில் நிற்பதுபோல உணர வேண்டுமானால் 5 நொடிக்கு ஒரு சுற்று சுழல வேண்டும். “அவ்வளவு வேகமாச் சுத்துனா தல சுத்தும்” என்று மாணவர்களே அடுத்த சிக்கலைக் கண்டுபிடிப்பார்கள். தலைசுற்றாமல் இருக்க ஆரத்தை எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதை வீட்டுப்பாடமாகக் கொடுக்கலாம்.

இன்னொரு செய்தி. வெற்றிடத்தில் வெப்பம் கதிர்வீச்சாக மட்டுமே வெளியேறும். அதற்குப் பெரிய தகடுகள் வேண்டும். படக்குழு அதை அறிந்திருந்தும், பார்ப்பவர்கள் இறக்கை என்று நினைத்துவிடுவார்கள் என்பதால் தகடுகளை விட்டுவிட்டது.

கற்பனைப் பெயர் தாங்கிய இரண்டு உண்மை ஊர்திகள்

இந்தப் பாடத்தின் நடுப்புள்ளி இதுதான். அமெரிக்காவின் முதல் விண்வெளி ஓடத்துக்கு வேறு பெயர் வைப்பதாக இருந்தது. தொடரின் ரசிகர்கள் கடிதங்களாக எழுதிக் குவிக்க, 1976 செப்டம்பர் 17 அன்று அது ‘எண்டர்பிரைஸ்’ என்ற பெயருடன் வெளியே கொண்டுவரப்பட்டது. ஆனால் அந்த ஓடம் ஒருமுறைகூட விண்வெளிக்குச் செல்லவில்லை. 1977இல் ஒரு பெரிய விமானத்தின் முதுகில் ஏற்றி, வானில் விடுவித்து, இயந்திர விசை இல்லாமல் மிதந்து இறங்குகிறதா என்று ஐந்து முறை சோதித்தார்கள்.

நம் இஸ்ரோ, மீண்டும் பயன்படுத்தத்தக்க ஏவுகலத்துக்கான தன் சிறகுள்ள சோதனை ஊர்திக்கு ‘புஷ்பக்’ என்று பெயரிட்டது. கர்நாடகத்தின் சித்ரதுர்காவில் 2024 மார்ச் 22, ஜூன் 23 ஆகிய நாள்களில் ஹெலிகாப்டரில் சுமார் 4.5 கிலோமீட்டர் உயரத்துக்குக் கொண்டுசென்று விடுவித்தார்கள். ஓட்டுநர் இல்லாமல் தானே வழியைத் திருத்திக்கொண்டு ஓடுபாதையில் இறங்கியது. ஜூன் சோதனையில் தரை தொட்டபோது வேகம் மணிக்கு 320 கிலோமீட்டருக்கு மேல். பயணிகள் விமானம் இறங்கும் வேகம் சுமார் 260. வேகக்குறைப்புப் பாராசூட் விரிந்து அதை 100 கிலோமீட்டர் அளவுக்குக் குறைத்தது. மார்ச்சில் பறந்த அதே உடல்தான் ஜூனிலும் பறந்தது.

இரண்டு நாடுகள், இரண்டு கதைகள், இரண்டு பெயர்கள். இரண்டு ஊர்திகளுக்கும் வைக்கப்பட்ட சோதனை ஒன்றுதான்: பத்திரமாக இறங்கத் தெரியுமா? எங்கள் ஐந்தாம் கேள்விக்கு இவ்வளவு மதிப்பு உண்டு என்பதை மாணவர்கள் அப்போது உணர்கிறார்கள். விசை பற்றிய மூன்றாம் கேள்விக்கு விடை தேடும் இடமும் தொலைவில் இல்லை. இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் பக்கத்துத் திருநெல்வேலி மாவட்டத்தின் மகேந்திரகிரியில் இருக்கிறது. நிலவுக்குச் சென்ற ஏவுகலத்தின் இயந்திரங்கள் அங்கே சோதிக்கப்பட்டவை.

“அப்போவே விமானம் இருந்துச்சாம்லா?”

இந்தப் பாடத்தை நடத்தும் எவரும் இந்தக் கேள்வியைச் சந்திப்பார்கள். வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைக் காட்டி, “நம்ம முன்னோர்கள் அப்போவே விமானம் விட்டிருக்காங்கல்லா டீச்சர்? அப்புறம் எதுக்கு ரைட் சகோதரர்கள் பேர எழுதணும்?” என்று கேட்பார்கள். சிரித்து ஒதுக்கினால் பிள்ளை புண்படும். தமிழையே குறைத்துச் சொன்னதாக எடுத்துக்கொள்ளும். ஆமாம் என்று தலையாட்டினால் அறிவியல் வகுப்பு அத்தோடு முடிந்தது.

நான் ஐந்து கேள்விகளுக்கே திரும்புகிறேன். மயிற்பொறிக்கு மூன்றாம் கேள்வியில் நாம் எழுதிய “பதில் இல்லை” என்ற குறிப்பை எடுக்கச் சொல்கிறேன். புறநானூற்றின் 27ஆம் பாடலிலும் ஓட்டுபவர் இல்லாமலே செல்லும் வான ஊர்தி பேசப்படுகிறது. அங்கே அது புகழோடு வாழ்ந்தவர் மேலுலகம் செல்லும் ஊர்தி. விசை, எடை, அளவு எதுவும் அங்கே இல்லை. இருக்க வேண்டிய தேவையும் இல்லை. கவிதை இயந்திரக் கையேடு அன்று.

கையேடு என்று சொல்லிக்கொள்ளும் நூலும் ஒன்று உண்டு: ‘வைமானிக சாஸ்திரம்’. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் அதை எள்ளி ஒதுக்கவில்லை. எடுத்துப் படித்து, அதன் விமானங்களின் வடிவத்தையும் எடையையும் கணக்கிட்டு 1974இல் முடிவை வெளியிட்டார்கள். நூல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டது என்றும், அதில் சொல்லப்பட்ட எந்த விமானமும் பறக்கும் தன்மை உடையதன்று என்றும் காட்டினார்கள். நம் நாட்டின் அறிவியலாளர்கள், நம் நாட்டின் நூலை, நம் கேள்விகளைக் கொண்டே சோதித்தார்கள். பெருமைப்பட வேண்டிய இடம் இது என்று மாணவர்களிடம் சொல்கிறேன்.

மயிற்பொறியின் பெருமையும் குறைவதில்லை. பறக்கும் ஊர்திக்கு எடை குறைந்த பொருள் வேண்டும், பயிற்சி வேண்டும், இறங்கும் வழி வேண்டும் என்று ஒரு தமிழ்க் கவிஞர் எண்ணிப் பார்த்திருக்கிறார். செய்து பார்த்தவர் என்ற பட்டத்தை அவருக்குச் சூட்ட வேண்டியதில்லை. எண்ணிப் பார்த்தவர் என்பதே போதும்.

செயல்பாடு: ஏழு நாள் மயிற்பொறி

பாடத்தின் முடிவில் குழுவுக்கு ஐந்து பேராகப் பிரித்து இப்பணியைக் கொடுக்கிறேன்.

பயணி: ஒரு முழுச் சுண்ணக்கட்டி.
பொருள்கள்: துணி, நூல், பசை, மெழுகு, பழைய செய்தித்தாள், தென்னை அல்லது பனையிலிருந்து கிடைப்பவை. கடையில் எதுவும் வாங்கக் கூடாது.
காலம்: காப்பியத் தச்சனுக்குக் கிடைத்த அதே ஏழு நாள்.
சோதனை: முதல் மாடித் தாழ்வாரத்திலிருந்து ஆசிரியரே கீழே விடுவார், மாணவர்கள் கீழே தள்ளி நிற்க வேண்டும். சுண்ணக்கட்டி உடையக் கூடாது.
பதிவு: ஊர்தியின் எடை, விட்ட உயரம், இறங்க எடுத்த நேரம்.

4 மீட்டர் உயரத்திலிருந்து தடையின்றி விழும் பொருள் 0.9 நொடியில் தரையைத் தொடும். அப்போது வேகம் நொடிக்கு ஏறத்தாழ 8.9 மீட்டர். ஒவ்வொரு குழுவும் தன் நேரத்தை இதனுடன் ஒப்பிட்டுக் காற்றுத்தடை எவ்வளவு உதவியது என்று எழுத வேண்டும்.

சென்ற ஆண்டு தையல் கடை வெட்டுத்துணியில் அகலமான குடை செய்த குழுவின் சுண்ணக்கட்டி உடைந்தது. குடை விரியவே நேரமில்லை. பாளையை நீளவாக்கில் கீறி, அதற்குள் தென்னை நாரைத் திணித்த குழுவின் கட்டி முழுதாக வந்தது. தோற்ற குழுவினர் மறுநாள் யாரும் சொல்லாமலே இரண்டாவது ஊர்தியோடு வந்து, குடையை முன்கூட்டியே விரித்து வைக்கும் குச்சியைக் காட்டினார்கள். மதிப்பீட்டில் நான் அதிக மதிப்பெண் கொடுப்பது இதற்குத்தான்: முதல் ஊர்தி ஏன் உடைந்தது, இரண்டாவதில் எதை மாற்றினோம் என்று எழுதும் அரைப் பக்கத்துக்கு.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் கணக்கீடுகளை விட்டுவிட்டு மயிற்பொறிக் கதையையும் முதல், ஐந்தாம் கேள்விகளையும் மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ‘யாருக்காக ஓர் ஊர்தி செய்வாய், அது எப்படி இறங்கும்?’ என்று கேட்டு வரையச் சொல்லுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் படங்களில் பாட்டியை மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் ஊர்தியும், துபாயிலிருந்து அப்பாவை வெள்ளிக்கிழமைதோறும் கூட்டிவரும் ஊர்தியும் இருந்தன. அப்பாவுக்கான ஊர்தி எங்கே இறங்கும் என்று கேட்டபோது, வீட்டு மொட்டைமாடியில் ஒரு வட்டம் வரைந்து, துணி காயப்போடும் கொடியை அழித்துவிட்டுக் காட்டினாள் அந்தச் சிறுமி. இறங்கும் இடத்தில் தடை இருக்கக் கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.